சன்னல் பார்க்காத ஹெஸ்டர்

ஐவி: நான் நகர மாட்டேன். பெஞ்சுல அந்தப் பக்கம் காலியாத்தானே இருக்கு.

ஹெஸ்டர்: நகரச் சொல்லலை ஐவி. உக்காரலாமான்னுதான் கேட்டேன்.

ஐவி: கேக்காதீங்க மிஸ் ஹெஸ்டர். கேட்டுக்கிட்டு செஞ்சா அது உரிமை ஆகாதுன்னு காலையில பாதை விசாரணையில எதிர்த்தரப்பு வக்கீல் தொண்டை கிழியச் சொன்னானே. கேக்காம உக்காருங்க. இருபது வருஷம் உக்காந்தா பெஞ்சே உங்களோடது.

ஹெஸ்டர்: கேலி பண்ணு. நீ எங்கிட்ட பேசுறதே பெருசு.

ஐவி: பேசலைன்னு யாரு சொன்னது? போன வருஷம் கறிக்கடையில "வரிசையில நில்லுங்க"ன்னு சொன்னேனே.

ஹெஸ்டர்: ...சொன்னே. நின்னேன்.

ஐவி: அதுக்கு முன்னாடி பேசினது பள்ளிக்கூடத்துல. நடுவுல ஐம்பது வருஷம் ரெண்டு பேருக்கும் வாய் வலிச்சுது போல.

ஹெஸ்டர்: நீ ஏன் உள்ள சாப்பிட வரலை? ஊர் மன்றத்துல எல்லாருக்கும் டீ போட்டிருக்காங்க. முட்டை சாண்ட்விச்...

ஐவி: டோரீன் பாம்ஃப்ரெட் தடவின வெண்ணெயைத் தின்னுட்டு நான் சாட்சி சொல்லப் போனா, எனக்கும் உளறல்தான் வரும். காலையில அவ சொன்னதைக் கேட்டீங்கல்ல?

ஹெஸ்டர்: ஏதோ பூவைப் பத்தி...

ஐவி: ஏதோ பூவா? கல்யாணத்துக்கு முன்ன தன் புருஷனோட அந்த வயல் வழியா கைகோத்துப் போனாளாம். அறுப்பு முடிஞ்ச சமயமாம். ரெண்டு பக்கமும் பிரிம்ரோஸ் மஞ்சளா பூத்துக் கிடந்துச்சாம். வக்கீல் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, "அம்மா, மத்த ஊர்ல அது வசந்தத்துல பூக்கும், உங்க ஊர்ல மட்டும் அறுப்புக்குப் பூக்குமா"ன்னு கேக்குறான். இவ "அந்த வருஷம் பூத்துச்சு"ங்கிறா.

ஹெஸ்டர்: பாவம், வயசாயிடுச்சு அவளுக்கு.

ஐவி: எனக்கு என்ன, குறையுதா? அவளைவிட நான் ரெண்டு வயசு மூப்பு. வயசாச்சுன்னா பூ இடம் மாறுமா? அவ அந்த வழியில காலே வெச்சதில்லை. அவங்கம்மா வைக்க விட்டதில்லை. செசில் டிரிங் அதுக்கு மேல. தினம் சாயங்காலம் அந்த வழியாத்தான் மதுக்கடைக்குப் போனேன்னு சத்தியம் பண்றான். கடை இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். அப்படி ஒரு சுத்து சுத்தி குடிக்கப் போற ஆளா அவன்?

ஹெஸ்டர்: நல்லது செய்யணும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அந்த லண்டன்காரர் வயலை வாங்கி, வழியில கேட் போட்டுப் பூட்டினதுல இருந்து பிள்ளைங்க மெயின் ரோட்டுலதான் பள்ளிக்கூடம் போகுது. குவாரி லாரிங்க வர்ற வரத்து...

ஐவி: எனக்குச் சொல்றீங்களா? போன மாசம் லாரி இடிச்சுத் தள்ளிட்டுப் போனது யாரு பையை? என் பேத்தி டீனாவோட பொண்ணு பையை. பாப்பி முதுகுல மாட்டியிருந்த பை. இன்னும் அரையடி இந்தப் பக்கம் வந்திருந்தா நான் இன்னிக்கு இங்க சாட்சி சொல்ல வந்திருக்க மாட்டேன். கல்லறையில உக்காந்திருப்பேன்.

ஹெஸ்டர்: தெரியும். ...அதனாலதான் நானும் வந்தேன்.

ஐவி: வந்தீங்க. வந்து எல்லாத்துக்கும் மேல ஒரு மகுடம் வெச்சுட்டுப் போனீங்க. டோரீன் உளறினா, அவ உளறல்னு விசாரணை அதிகாரிக்கே தெரியும். நீங்க உளறலையே. நிமிர்ந்து நின்னு, கையுறையைக்கூடக் கழட்டாம சொன்னீங்க. எப்படிச் சொன்னீங்க? அந்தக் குரல்லயே இன்னொரு தடவை சொல்லுங்க.

ஹெஸ்டர்: ஐவி...

ஐவி: நானே சொல்றேன். "அந்த நாள்ல உங்க அப்பா நிலத்து வழியா ஆள் நடமாட்டம் இருந்துச்சா, பாத்தீங்களா"ன்னு வக்கீல் கேட்டான். நீங்க, "நான் சன்னல் வழியா வெளியே பாக்குற பழக்கம் உள்ள பெண் இல்லீங்க".

ஹெஸ்டர்: அது... வாய்ல தானா வந்துடுச்சு.

ஐவி: தானாத்தான் வரும். பிறந்ததுல இருந்து அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க. நீங்க மட்டுமா? மன்றத்துல யாராவது சிரிச்சாங்களா பாத்தீங்களா? ஒருத்தர் சிரிக்கலை. அத்தனை பேரும் தலையை ஆட்டினாங்க. வீட்டுக்கு வீடு சன்னல்ல வலைத்திரை, வலைத்திரைக்குப் பின்னாடி ஒரு மூக்கு. ஆனா இந்த ஊர்ல யாரும் எதையும் பாத்ததே இல்லை.

ஹெஸ்டர்: பக்கத்து வீட்டை எட்டிப் பாக்குறவன்னு பேரு வாங்குறதைவிட...

ஐவி: பிள்ளைங்க லாரியில அடிபடலாம். அதானே?

ஹெஸ்டர்: நான் அப்படிச் சொல்லலை. அந்த ஒரு வார்த்தையில எல்லாம் போயிடும்னு எனக்கு எப்படித் தெரியும்? நமக்காக சாட்சி திரட்டின அந்த ஆலர்டைஸ்தான்... பாரு, அவரே வர்றாரு.

ஐவி: வரட்டும். அவர் புஸ்தகத்துல அந்த வழியா நடக்க விட்ட துறவிங்களையும் கூட்டிக்கிட்டு வர்றாரா பாருங்க.

ஆலர்டைஸ்: மன்னிக்கணும், ரெண்டு பேர் பேச்சுக்கு நடுவுல வர்றேன். மத்தியானம் முதல் சாட்சி நீங்கதான், மிஸஸ் ஸ்பிராக். கொஞ்சம் தயார் பண்ணிக்கலாமேன்னு...

ஐவி: மிஸ்.

ஆலர்டைஸ்: என்ன சொன்னீங்க?

ஐவி: மிஸ் ஸ்பிராக். நான் யாருக்கும் மிஸஸ் ஆகலை. ஊர் வரலாறு எழுதுற மனுசன், ஊருக்கே தெரிஞ்ச இதை விட்டுட்டீங்களே.

ஆலர்டைஸ்: ஓ... ஆமா... அப்படியா. மன்னிக்கணும்.

ஐவி: உங்க புஸ்தகத்துல என் போட்டோ போட்டிருக்கீங்களே, குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போற மாதிரி. கீழ என்னமோ எழுதியிருந்தீங்க. "நம் கிராமத்தின் இளம் தாய் ஒருவர், அமைதியான வயல் பாதையில்". படிச்சுட்டு டீனா விழுந்து விழுந்து சிரிச்சா. அந்தக் காலத்துல இளம் தாய்னு சொல்லலீங்க. வேற வார்த்தை சொன்னாங்க. அதை எழுதியிருந்தா வரலாறு.

ஆலர்டைஸ்: அடுத்த பதிப்புல வேணும்னா...

ஐவி: அடுத்த பதிப்புல அந்தத் துறவிங்களையும் தூக்கிடுங்க. எந்தத் துறவியும் அந்த வழியில போகலை. அங்க இருந்தது ஒரு பன்னி. இதோ இவங்க, பெல்லமி வீட்டுப் பன்னி. வேலிக்கு மேல தலையை நீட்டி போற வர்றவங்க பையைப் பிடுங்கும்.

ஹெஸ்டர்: கிளாடிஸ்.

ஐவி: அதுக்குப் பேரு வேற இருந்துச்சா?

ஆலர்டைஸ்: துறவிகள் விஷயம் இருக்கட்டுங்க. சட்டம் கேக்குறது மூணே மூணு. பூட்டை உடைச்சுப் போயிருக்கக் கூடாது. அனுமதி கேட்டுப் போயிருக்கக் கூடாது. ஒளிஞ்சு போயிருக்கக் கூடாது. பழைய மிஸ்டர் பெல்லமி "தனியார் நிலம்"னு பலகை மாட்டினாரு இல்லையா? அதுக்கு முந்தின இருபது வருஷம் ஜனங்க அப்படி வெளிப்படையா நடந்திருக்கணும். அந்த இருபது வருஷத்துக்கு இன்னிக்கு உயிரோட இருக்கிற உருப்படியான சாட்சி, நீங்க ரெண்டு பேர்தான்.

ஐவி: உருப்படியானதுல ஒண்ணு காலையில உருப்படாமப் போச்சு.

ஆலர்டைஸ்: மிஸ் பெல்லமியோட பதில் நமக்கு... கொஞ்சம் சிரமம்தான். நிலத்துக்காரங்க வீட்டுல யாரும் பாக்கவே இல்லைன்னு ஆகிடுச்சு. வக்கீல் இனி அதைத்தான் பிடிச்சுக்குவாரு. உங்க வீட்டுல இருந்து நீங்க வேலை பாத்த லாண்டரிக்குத் தெரு வழி பக்கம், வயல் வழி சுத்து. அதுலயும் மூணு இடத்துல வேலியை ஏறித் தாண்டணும். குழந்தை வண்டியோட ஒரு பொண்ணு ஏன் சுத்து வழியில போகணும்? யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னுதான் போயிருக்கணும். அப்போ அது ஒளிஞ்சு போனது. அப்போ அது கணக்குல வராது. இதுதான் அவர் வாதம்.

ஐவி: லாண்டரிப் பொண்ணுங்க எல்லாம் பின்னாடி வந்தாங்களே. நான் மிதிச்சு மிதிச்சுப் புல்லு போயி வழி ஆனதும், இன்சூரன்ஸ்காரன் சைக்கிளைத் தூக்கிக்கிட்டு வந்தான், மருத்துவச்சி வந்தா, பிள்ளைங்க வந்துச்சு...

ஆலர்டைஸ்: அவங்க யாரும் இப்போ இல்லையே. மருத்துவச்சி எப்பவோ இறந்துட்டாங்க. நீங்க ஆரம்பிச்சது ஒளிஞ்சு நடந்துதான்னு ஆகிட்டா, மத்ததையும் அவர் அதே தட்டுல வெச்சுடுவாரு. அதனால... நீங்க ஏன் அந்த வழியில போனீங்கங்கிறதுக்கு ஒரு நல்ல காரணம் யோசிச்சு வெச்சுக்கோங்க. நல்ல காத்து வரும், இயற்கை அழகு, அந்த மாதிரி...

ஐவி: நாள் முழுக்க ஓட்டல் படுக்கை விரிப்பைத் துவைச்சுட்டு, இயற்கை அழகைப் பாக்க வண்டியை மூணு தடவை வேலிக்கு மேல தூக்கினேன். இதைச் சொல்லவா?

ஆலர்டைஸ்: நான் ஒரு உதாரணத்துக்குத்தான்... சரி. நீங்க சாப்பிடுங்க. கூப்பிடும்போது நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.

ஐவி: வழி தெரியும்.

ஹெஸ்டர்: ...பாவம், நல்ல மனுசன்.

ஐவி: நல்லவருதான். வெளியூர்ல இருந்து வந்து நம்ம ஊருக்கு ஞாபகம் வாங்கிக் குடுத்திருக்காரே. ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஞாபகம், அளவெடுத்துத் தைச்ச மாதிரி. என்னை அந்தப் பக்கம் போறப்ப பாத்து ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கிட்டவ டோரீனோட அம்மா. அவ மக இன்னிக்கு அது தன்னோட காதல் பாதைன்னு கண்ணீர் விடுறா. பிள்ளைங்களுக்கு என்ன சொல்லி வளத்தாங்கன்னு ஞாபகம் இருக்கா? "அது ஐவி வழி, அதுல போகாதே". அந்த வழிக்கு ஊர்ல இருந்த ஒரே பேரு அதுதான். புஸ்தகத்துல "துறவிகள் பாதை".

ஹெஸ்டர்: கேக் கொண்டுவந்தேன். ஒரு துண்டு...

ஐவி: உங்க வீட்டு கேக் என் தொண்டையில இறங்காது.

ஹெஸ்டர்: நான் செஞ்சது. வீட்டுல என்னைத் தவிர இப்போ யாரு இருக்கா?

ஐவி: அதனாலதான் இறங்காது.

ஹெஸ்டர்: ...சரி. இங்க வெக்கிறேன். ஐவி, நான் திரும்பப் போய் அதிகாரிகிட்ட பேசினா கேப்பாரா?

ஐவி: என்னன்னு பேசுவீங்க?

ஹெஸ்டர்: காலையில சொன்னது... சரியில்லைன்னு.

ஐவி: எது சரியில்லை?

ஹெஸ்டர்: உனக்குத் தெரியும்.

ஐவி: எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அங்க நாப்பது நாற்காலி போட்டிருக்கு. அத்தனையிலயும் ஊர் உக்காந்திருக்கு. அதுங்க காதுபட, "நான் பாத்தேன்"னு உங்க வாயால சொல்லணும். வருமா? பாதிரியார் வேற முன் வரிசையில இருக்காரு. தேவாலயத்துல பூ வெக்கிற பொறுப்பு உங்களோடது. அடுத்த ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட போவீங்க?

ஹெஸ்டர்: நீ இதை ரசிக்கிறே.

ஐவி: ரசிக்காம? எத்தனை வருஷத்துக்கு அப்புறம் எனக்கு ஒரு தமாஷ் கிடைச்சிருக்கு. உங்க சமையல்கட்டுத் தொட்டி சன்னலுக்குக் கீழதானே இருக்கு? நான் முதல் வேலிகிட்ட வரும்போது நீ ஒரு தட்டைக் கையில எடுப்பே. நான் வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சு, பையனைத் திருப்பி உக்கார வெச்சு, வயலைக் கடந்து, ரெண்டாவது வேலி தாண்டி, பன்னிகிட்ட இருந்து பையைப் பிடுங்கி... அப்பவும் நீ அதே தட்டைத்தான் கழுவிக்கிட்டு இருப்பே. தட்டு தேஞ்சிருக்கும்டி அம்மா.

ஹெஸ்டர்: "நீ"ன்னு சொல்லிட்டே.

ஐவி: என்ன?

ஹெஸ்டர்: பள்ளிக்கூடத்துல பேசின மாதிரி. நீ, வாடி போடின்னு...

ஐவி: வாய் தவறிடுச்சு. சந்தோஷப்படாதீங்க.

ஹெஸ்டர்: நீ என்னைப் பாத்தியா? அந்தத் திரைக்குப் பின்னாடி நான் இருந்தது தெரிஞ்சுதா?

ஐவி: காத்தே இல்லாத நாள்ல திரை ஆடினா பின்ன என்ன, பேயா? வேடிக்கை பாக்க ஒருத்தி கிடைச்சா, விடுவாங்களா? இன்னிக்கு என்ன உடுத்தியிருக்கா, வண்டிக்கு யாரு காசு குடுத்தது, பையன் மூக்கு யாரு மூக்கு மாதிரி இருக்கு...

ஹெஸ்டர்: ஆமா. அதைத்தான் பாத்தேன்.

ஐவி: ...எதை?

ஹெஸ்டர்: மூக்கு இல்லை. நடை. உன் பையன் கீத் நடக்க ஆரம்பிச்சதும், வண்டியைப் பிடிச்சுக்கிட்டு வருவானே, அப்போ இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமா வெப்பான். எங்க நெவில் அப்படித்தான் நடப்பான். சின்னப் பையன்ல இருந்து. அம்மா அதுக்காகவே அவனுக்குக் கனமா செருப்பு வாங்கிப் போடுவாங்க. நான் வேடிக்கை பாக்கலை ஐவி. எங்க அண்ணன் பையனைப் பாத்தேன்.

ஐவி: நெவில் பேரை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை.

ஹெஸ்டர்: எங்க வீட்டுல சொன்னியே.

ஐவி: சொன்னேன். கொரியாப் போர்ல அவன் போயிட்டான்னு தந்தி வந்த மாசம். ஏழு மாச வயித்தோட உங்க வீட்டு முன் கதவைத் தட்டினேன். உங்கப்பா திறந்தாரு. நெவில்னு நான் ஆரம்பிச்சதும் என்ன சொன்னாருன்னு தெரியுமா உனக்கு?

ஹெஸ்டர்: "வீடு மாறி வந்துட்டியேம்மா". படிக்கட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். கேட்டேன்.

ஐவி: நின்னுக்கிட்டுதான் இருந்தே. எப்பவும் எங்கயாவது நின்னுக்கிட்டுதான் இருந்திருக்கே. அந்தக் கதவைச் சாத்தின மனுசன் அடுத்த ஞாயிறு தேவாலயத்துல முதல் பெஞ்சுல உக்காந்து பாடினாரு. என் பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் கிடையாதுன்னுட்டாங்க. செவ்வாக்கிழமை சாயங்காலம், மணி அடிக்காம, விளக்கு ஏத்தாம. பெஞ்சு துடைக்கிற கிழவிதான் ஞானத்தாய். அவ பேரு பாப்பிக்கும் ஞாபகம் இருக்கட்டும்னு டீனாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். உங்க வீட்டுப் பேரைச் சொல்லலை.

ஹெஸ்டர்: அப்பாவும் பாத்தாரு.

ஐவி: என்னத்தை?

ஹெஸ்டர்: அவர் நாற்காலி எப்பவும் அடுப்புப் பக்கமா இருக்கும். நீ வண்டியோட போக ஆரம்பிச்ச பிறகு ஒரு நாள் காலையில எழுந்து வந்தா, நாற்காலி சன்னலைப் பாத்துத் திரும்பியிருக்கு. யாரும் ஒண்ணும் கேக்கலை. அம்மா தட்டை அந்தப் பக்கமா மாத்தி வெச்சாங்க. அவ்வளவுதான். சாகுற வரைக்கும் அந்த நாற்காலி அப்படியேதான் இருந்துச்சு.

ஐவி: ஒரு வார்த்தை பேசியிருப்பாரா?

ஹெஸ்டர்: இல்லை. பேசவே இல்லை. நீ லேட்டா வந்தா மட்டும் டீயை ஆற விட்டுடுவாரு. பண்ணையாள் ஒருத்தன், "அந்தப் பொண்ணு நிலத்துல நடக்குறா, விரட்டவா"ன்னு கேட்டான். "எந்தப் பொண்ணு?"ன்னாரு. அவன் அதோட விட்டுட்டான். அனுமதியும் குடுக்கலை, தடுக்கவும் இல்லை. ஒரு நாள் கீத்... பதினாலு வயசு இருக்கும். வயல் நடுவுல நின்னு, சன்னலைப் பாத்து, தொப்பியைத் தூக்கினான்.

ஐவி: அது நான் சொல்லிக் குடுக்கலை.

ஹெஸ்டர்: அப்பா கோப்பையைக் கீழ வெச்சுட்டு மாட்டுக்கொட்டாய்க்குப் போயிட்டாரு. சாப்பாட்டுக்கு வரலை.

ஐவி: மாட்டுக்கிட்ட போய் அழுதாராக்கும். என் பையன்கிட்ட வந்திருந்தா குறைஞ்சா போயிருப்பாரு? பாத்தாராம். உக்காந்து பாத்தாராம். அந்தப் பையனுக்குக் குளிருச்சு ஹெஸ்டர். பசிச்சுச்சு. தாத்தா வீடு இருநூறு அடியில, புகைபோக்கியில புகை வருது, பன்னிக்கறி வறுக்குற வாசம் வருது. பாத்தா போதுமா? பாத்தா வயிறு நிறையுமா?

ஹெஸ்டர்: நிறையாது.

ஐவி: கோழைங்க. குடும்பமே கோழைங்க. நெவில் ஒருத்தன்தான் கொஞ்சம் தைரியமா பிறந்தான். அவனையும் போருக்குக் குடுத்துட்டீங்க.

ஹெஸ்டர்: திட்டு. எல்லாம் நிஜம்தான். ...அந்தப் பலகை எப்போ மாட்டினாரு தெரியுமா? ஆலர்டைஸ் புஸ்தகத்துல குவாரி வந்ததால மாட்டினாருன்னு எழுதியிருக்காரு. குவாரியும் இல்லை, ஒண்ணும் இல்லை. கீத் இருபத்திரண்டு வயசுல ரயில்வேல வேலை கிடைச்சு ஊரைவிட்டுப் போனான்ல, அந்த வாரம். "இனிமே அந்த வழியில யாரும் வரத் தேவையில்லை"ன்னு சொல்லிக்கிட்டே அவரே சுத்தியலை எடுத்துட்டுப் போனாரு. ஆனா ஜனங்க பலகையைப் பாக்காம நடந்துக்கிட்டேதான் இருந்தாங்க, அது வேற. இப்போ ஆறு மாசமா யாரும் வர்றதில்லை. வயலை வித்தவ நான்தான். ஆடு மேய்ப்பாருன்னு நம்பி வித்தேன். கேட்டைப் பூட்டுவாருன்னு நினைக்கலை. பாப்பி சிவப்பு பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒத்தைக் கால்ல குதிச்சுக் குதிச்சுப் போவாளே, அதுவும் நின்னுபோச்சு. காலையில எழுந்து எதுக்கு அந்தச் சன்னல்கிட்ட நிக்கிறேன்னு எனக்கே தெரியலை. அவளும் இடது காலை வெளிப்பக்கமாத்தான் வெக்கிறா. கவனிச்சியா?

ஐவி: வீட்டுலயே இருக்கிற பிள்ளை. கவனிக்காம?

ஹெஸ்டர்: நான் உள்ள போறேன் ஐவி. போய், காலையில சொன்னது பொய்னு சொல்லப் போறேன். நான் பாத்தேன், தினம் பாத்தேன், எங்கப்பாவும் பாத்தாரு, தடுக்கலைன்னு. ஏன் பாத்தீங்கன்னு கேட்டா நெவில் பேரையும் சொல்லுவேன். உனக்கு ஆட்சேபம் இல்லைன்னா.

ஐவி: நாப்பது நாற்காலி.

ஹெஸ்டர்: இருக்கட்டும்.

ஐவி: பாதிரியாரு, பூ...

ஹெஸ்டர்: பூவை டோரீன் வெக்கட்டும். எந்த மாசம் எது பூக்கும்னு அவளுக்குத்தான் நல்லாத் தெரியுமே.

ஐவி: ...பரவாயில்லையே. உனக்கும் வாய் இருக்கு.

ஹெஸ்டர்: ஆனா நான் சொன்னா மட்டும் போதாது. நாங்க பாத்தோம்னா, நீ ஒளிஞ்சு போனப்ப எங்க கண்ணுல பட்டுட்டேன்னு வக்கீல் திருப்பிடுவான். அவன் கேள்வி உன்கிட்டதான் வரும். தெரு வழி பக்கம், இது சுத்து. கைக்குழந்தையோட, மழையில, சேத்துல, மூணு வேலி. ஏன்? ஊர் கண்ணுக்கு பயந்து, வெக்கப்பட்டுத்தானேன்னு. தப்பா நினைக்காதே... ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. இத்தனை வருஷமா நானும் அப்படித்தான் நினைச்சேன். தெருவுல நாங்க படுத்தின பாட்டுக்கு நீ வேற எந்த வழியில போவே? நாங்கதான் உன்னை அந்த வழிக்குத் துரத்தினோம். அதை நீ சொன்னா பாதை போயிடும். சொல்லலைன்னா பொய் ஆகிடும். நீ பொய் சொல்ற ஆளும் இல்லை. என்ன சொல்லப் போறே?

ஐவி: வெக்கமா? எனக்கா? ஊர் முழுக்கப் பாக்கட்டும்னு கடைத்தெருவுல நடுரோட்டுலயே வண்டியைத் தள்ளினவடி நான், சனிக்கிழமை சனிக்கிழமை. உங்க வீட்டுல ஒரு சன்னல்கூடத் தெருவைப் பாத்து இல்லை, எல்லாம் வயலைப் பாத்துத்தான் இருக்கு. நெவில் பிள்ளையைத் தினம் உங்க கண்ணு முன்னாடி கொண்டுபோய் நிறுத்தணும்னுதான் மூணு வேலியிலயும் வண்டியைத் தூக்கினேன்.